மூன்று துளைகள்

டுலூத்தில் இன்னும் பனி விடவில்லை.
ஏப்ரல் பத்தொன்பது.
அரிசோனாவிலிருந்து ஆர்வோ கூப்பிட்டுக் கேட்கிறான்:
"ஓஸ்ட்பி ஷூக்கடை
வங்கிக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா?"

வலப்பக்கம், என்கிறேன்.
இடப்பக்கம், என்கிறான்.
எழுபத்தேழு வயதில் இதற்குப் போய்ச் சண்டை.
இப்போது இரண்டு பக்கமும் கார் நிறுத்துமிடம்.
நடுவில் வங்கியும் இல்லை.

மணி அடிக்கும் கதவு.
மணிக்கு முன்பே வந்துவிடும் தோல் வாசனை.
ஜன்னலில் நின்றதெல்லாம் இடக்கால் ஷூ.
வலக்கால்கள் எங்கே போயின என்று
நான் ரொம்ப நாள் கவலைப்பட்டேன்.

கடையின் பின்புறம் அந்த மரப்பெட்டி,
பாதிரியார் நின்று பேசும் மேடை உயரத்தில்.
அடியில் ஒரு பொந்து, காலை நுழைக்க.
மேலே மூன்று துளைகள்:
பிள்ளைக்கு ஒன்று,
தாய்க்கு ஒன்று,
விற்கிறவருக்கு ஒன்று.

குனிந்தால்
பச்சை வெளிச்சத்தில் என் எலும்புகள்.
"ஒரு காலுக்கு இருபத்தாறு," என்பார் ஓஸ்ட்பி,
தாமே செய்து அடுக்கி வைத்ததுபோல்.
விரலை ஆட்டினேன்.
அவையும் ஆடின.
சுற்றிலும் ஷூவின் ஆணிகள்
வேலி கட்டி நின்றன.

மூன்று பேரும் பார்த்தது ஒரே காலைத்தான்.
"பெரிது, திருமதி ருவோனா.
முன்னால் பாருங்கள், எவ்வளவு இடம்."
"சரியாகத்தான் இருக்கிறது," என்றாள் அம்மா,
துளையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தக் கோடையில் தாதுக் கப்பல்கள்
துறைமுகத்தில் சும்மா நின்றன.
அப்பா சமையலறையில் சும்மா நின்றார்.
விலை கையைக் கடித்தது.
ஷூ காலைக் கடிக்காமல்
இரண்டு குளிர்காலம் தாங்க வேண்டும்.
மிச்சமிருந்த இடத்தில்
செய்தித்தாளைக் கசக்கி அடைத்தாள்.
'பேச்சுவார்த்தை முறிந்தது' என்ற வரியை
மிதித்துக்கொண்டே
மூன்றாம் வகுப்புக்கு நடந்தேன்.

வாங்குவதற்கு மட்டும் போகவில்லை நாங்கள்.
சனிக்கிழமைகளில் பெக்கலா மளிகையில்
உப்புக் கரிக்கும் கறுப்பு மிட்டாய் ஆளுக்கு இரண்டு,
பிறகு ஓஸ்ட்பி முன்னறையில் யாருக்கோ
லேஸ் கட்டிக்கொண்டிருக்கும்போது
பின்னால் நழுவி,
அவன் கால், என் கால்,
ஒருமுறை இருவர் காலும் சேர்த்து.
எது யாருடையது என்று தெரியவில்லை.

பிறகொரு நாள் பெட்டியைத் தூக்கிப்போனார்கள்.
அந்த வெளிச்சம் ஆகாதாம்.
வெளுத்த கம்பளத்தில்
ஒரு சதுரம் மட்டும் சிவப்பாகவே இருந்தது,
கடை மூடும்வரை.

கடைசி வாரம் எல்லாம் பாதி விலை.
நான் போனபோது கூடையில்
ஜன்னலில் நின்ற இடக்கால்கள்.
பாதம் அளக்கும் இரும்புத்தட்டை
இரண்டு டாலருக்கு வாங்கினேன்.
எதற்கு என்று கணவர் கேட்டார்.
இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.
கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்கிறது.

அப்புறம்தான் ஆர்வோ விஷயத்துக்கு வருகிறான்.
பாதத்தில் ஒரு கட்டி.
டாக்டர் சின்னப் பெண், முப்பது இருக்கும்.
சிறுவயதில் எக்ஸ்ரே எடுத்ததுண்டா என்றாளாம்.
உண்டு, ஷூக்கடையில், என்றானாம்.
சிரித்தாளாம்.
சிரிப்பை நிறுத்திவிட்டு
எத்தனை தடவை என்றாளாம்.

"எத்தனை இருக்கும்?" என்கிறான் என்னிடம்.

சனிக்கிழமைகளை எண்ணுகிறேன்.
மிட்டாய்களை எண்ணி இரண்டால் வகுக்கிறேன்.
கணக்கு வரவில்லை.
என் பாதங்களைக் குனிந்து பார்க்கிறேன்,
கம்பளிக் காலுறைக்குள்,
எதையும் காட்டிக்கொடுக்காமல் இருக்கின்றன.

"அம்மா எப்போதாவது
தன் காலை அதில் வைத்தாளா?"

நான் கேட்டேனா, அவன் கேட்டானா.
எங்கள் ஷூக்கள் நினைவிருக்கின்றன,
பழுப்பு, கறுப்பு, ஒருமுறை அரக்குச் சிவப்பு.
அவள் எதைப் போட்டு நடந்தாள்?

மறுமுனையில் மின்விசிறி சுற்றுகிறது.
அங்கே இப்போதே வெயில் தொடங்கிவிட்டதாம்.
இங்கே ஜன்னலில் பனி
இன்னும் ஒரு விரல் கனம்.

"வலப்பக்கம்தான்," என்கிறான் கடைசியில்.
"நீ சொன்னதுதான் சரி."

நான் அதற்குள்
இடப்பக்கத்துக்கு மாறிவிட்டிருந்தேன்.